1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாக

போன வருஷம் தேங்காய் உடைக்கும்போது கத்தி வழுக்கி, இடது கட்டைவிரலில் ஆழமாகப் பட்டுவிட்டது. பத்து நாளில் ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரமாகியும் காயம் வாயைப் பிளந்துகொண்டே கிடந்தது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள், சரியாகத்தான் இருந்தது. டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டே, "அம்மாவை நீங்க மட்டும்தான் பார்த்துக்குறீங்களா? ராத்திரி தூக்கம் எப்படி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விரலைக் காட்ட வந்தால் இவர் ஏன் வீட்டுக்கதை கேட்கிறார்?

அம்மாவுக்கு மறதி நோய். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் பதினெட்டு வருஷம் பார்த்த கணக்கு வேலையை விட்டேன். எனக்கொன்றும் கவலையில்லை, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடுப்பிலேயே அன்றிரவு தேடிப் படித்தேன். ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1995-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார். மறதி நோயுள்ள உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேர், அதே வயதும் வருமானமும் உள்ள மற்றப் பெண்கள் 13 பேர். எல்லாருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டரில் ஒரே மாதிரி சின்னக் காயம். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறிய காயம், பராமரிப்பவர்களுக்கு ஆற ஒன்பது நாள் கூடுதலாக எடுத்திருக்கிறது. இருபத்தாறு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். என் விரலுக்கும் அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் மேலிருந்த கோபம் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. மனஅழுத்தம், ஞாபகசக்தி, உடல்நலம் பற்றிய ஆய்வுக்கு, வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்கள் தேவை. கோலாலம்பூரில் உள்ள பல்கலைக்கழகம்தான். போன் செய்தேன்.

முதலில் போனிலேயே அரைமணி நேரம் கேள்வி. சிகரெட் உண்டா, ஸ்டீராய்டு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா, இரவு வேலையா, கருத்தடை மாத்திரை உண்டா, மாதவிடாய் வருகிறதா. கடைசி இரண்டையும் ஓர் இளைஞன் கேட்டான். அவனுக்குத்தான் அதிகக் கூச்சம். அவர்கள் அளப்பது கார்ட்டிசோல். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, நெருக்கடி வரும்போது கூடுதலாக விடும் ஹார்மோன். இவையெல்லாம் அந்த அளவை மாற்றிவிடுமாம்.

அப்புறம் ஒன்பது பக்கப் படிவம், மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழில் இல்லை, எனக்குப் பரவாயில்லை, ஆனால் என் சித்தி மாதிரி ஆள் என்ன செய்வார்? எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலைதான் வேடிக்கை. காலையில் கண் விழித்ததும் ஒரு பஞ்சுத் துண்டை வாயில் போட்டு மென்று, எச்சிலோடு குழாயில் போட்டு மூட வேண்டும். அரைமணி கழித்து இன்னொன்று, முக்கால் மணியில் இன்னொன்று. விழித்த பிறகு கார்ட்டிசோல் சட்டென்று ஏறி, அப்புறம் நாள் முழுக்க இறங்குமாம். ரத்தத்தில் இருப்பது எச்சிலிலும் தெரிவதால் ஊசி தேவையில்லை. இரண்டாம் நாள் அம்மா விடியற்காலையிலேயே கதவைத் தட்டிக் கூச்சல் போட, மறந்துபோய்த் தே ஓ, அதாவது பால் விடாத டீ, குடித்துவிட்டேன். அந்த நாள் போச்சு, மறுபடி எடுத்தேன். குழாய்களை ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்ததைப் பார்த்து வீட்டுக்காரர், "இதையும் சட்னின்னு ஊத்திராதம்மா" என்றார்.

நேரில் போன நாள் அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனேன். சந்திப்பு பிற்பகலில்தான், காலையில் கார்ட்டிசோல் தானாகவே ஏறி இறங்குவதால். முதலில் நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு, நாடியைத் தொடாமல் இதயத்துடிப்பை எண்ணச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லமாட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு துடிப்பும் தெரியவில்லை. அரை நிமிஷம் இருக்கும், எழுபத்திரண்டில் பாதி முப்பத்தாறு என்று கணக்குப்பிள்ளை புத்தியில் அடித்துவிட்டேன். உடம்புக்குள் நடப்பது நமக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க, ஷான்ட்ரி என்ற ஜெர்மானியர் 1981-இல் கொண்டுவந்த சோதனை இது. என்னைப் போல் குத்துமதிப்பு சொல்கிறவர்கள்தான் இதன் பெரிய தலைவலி என்று பிற்பாடு தெரிந்தது.

அடுத்த அறையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட இருவர், ஒரு கேமரா, ஒரு மைக். வேலை நேர்காணல் போல ஐந்து நிமிஷம் உங்களைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். இரண்டாவது நிமிஷத்திலேயே சரக்குத் தீர்ந்துவிட்டது. நிறுத்தினேன். அவர்கள் முகத்தில் ஓர் அசைவு இல்லை, கல்லுப்பிள்ளையார் தோற்றார். நெடுநேரம் கழித்து அந்த ஆண் மலாயில், "இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்" என்றார்.

பிறகு 1022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். எனக்கா கஷ்டம்? ஆனால் நான் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு படித்தவள். கழிப்பது தமிழில், சொல்வது மலாயில். ஆயிரத்து ஒன்பது, 'செரிபு செம்பிலான்'. சரி. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு, இதை 'செம்பிலான் ராத்துஸ் செம்பிலான் பூலோ எனாம்' என்று மாற்றி முடிப்பதற்குள் அடுத்த எண் கையைவிட்டுப் போய்விடுகிறது. 984 என்றேன். "தவறு. 1022-இலிருந்து ஆரம்பியுங்கள்." மறுபடி. நான்கு தடவை. உதட்டுக்குள் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன், நடுவில் ஒரு நல்ல வசவும் வந்தது.

உடனே ஒரு கோட்டில் எவ்வளவு பதற்றம் என்று குறிக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு முப்பது என்று போட்டேன். போட்ட கை சில்லிட்டிருந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஏர்கானில்! அதற்குப் பிறகு ஒரு மணிநேரம், இடைவெளி விட்டு விட்டுப் பஞ்சு மெல்லல். எச்சிலில் கார்ட்டிசோல் உச்சம் தொடுவது சோதனை முடிந்து பத்து, இருபது நிமிஷம் கழித்துத்தானாம்.

கடைசியில் உண்மையைச் சொன்னார்கள். முகத்தைக் கல்லாக வைத்திருந்ததெல்லாம் நடிப்பு, வந்த எல்லாருக்கும் அப்படித்தான். வேண்டுமென்றே பதற்றத்தை வரவழைத்துப் பார்ப்பதற்காக ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளிவந்த முறை. என் எண்களைக் கேட்டேன். தனித்தனியாகத் தருவதில்லை, இது நோய் கண்டறியும் சோதனை இல்லை என்றார்கள். முப்பது போட்டதைச் சொல்லிச் சிரித்தேன். வாய் சொல்வதும் எச்சில் சொல்வதும் பல பேருக்குப் பொருந்துவதே இல்லை என்றான் அந்தப் போன் பையன்.

வெள்ளைக் கோட்டுப் பெண் பிஸ்கட் தட்டோடு வந்தாள். "அக்கா, 983 ஒரு தடவை சரியாச் சொன்னீங்க, தமிழ்ல. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல."

"அந்த வசவும் கேட்டுச்சா?"

"கேமராவுல இருக்குக்கா."

கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறி உட்கார்ந்ததும் தலை தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பேங்க் நெகாரா நிலையம் வருவதற்குள் 853. இந்தத் தடவை ஒன்றுகூடத் தப்பவில்லை.