வரையறைக்கு முன் சோதனை: அக்கா மகளோடு உளவியல் படித்த சில மாதங்கள்

என் அக்கா மகள் சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இளநிலை உளவியல் சேர்ந்தாள். முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் எதிர்பார்த்ததில் பாதி மதிப்பெண்தான் வந்தது. அந்த வார இறுதியில் பொள்ளாச்சிக்கு வந்தவள் பாடநூலை என் முன்னால் விரித்து வைத்தாள். ஏறத்தாழ எல்லா வரிகளும் மஞ்சள் மை பூசப்பட்டுக் கிடந்தன. ஒவ்வொரு பாடத்தையும் நான்கு முறை படித்ததாகச் சொன்னாள். அது உண்மை என்பது பக்கங்களின் கசங்கலிலேயே தெரிந்தது.

நான் பள்ளி ஆசிரியை. இருபது ஆண்டுகளுக்கு முன் பி.எட். படித்தபோது கல்வி உளவியலைத் தமிழில் கற்றேன். ஆக்கநிலையுறுத்தம், துலங்கல், முயன்று தவறிக் கற்றல், உட்காட்சி, மனவெழுச்சி, பொருத்தப்பாடு என்று எத்தனையோ கலைச்சொற்களை வரையறையோடு ஒப்பித்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். பின்னர் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது; அதன் 150 வினாக்களில் 30 குழந்தை மேம்பாடு சார்ந்தவை என்பதால் அதே வரையறைகளை மறுபடியும் உருப்போட்டேன். அத்தனைக்கும் பிறகு அவள் கேட்ட முதல் கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

“நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டும் தண்டனையும் ஒண்ணுதானுங்க, சித்தி?”

எங்கள் பாடத்தில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். அன்றாடத் தமிழில் எதிர்மறை என்றால் கெட்டது. எதிர்மறை எண்ணம், எதிர்மறை விமர்சனம் என்றெல்லாம் வழங்குகிறோம். அந்தப் பழக்கத்தோடு பாடத்துக்குள் நுழைகிறவர், எதிர்மறை வலுவூட்டல் என்பதை ஏதோ அடி உதை என்றே எடுத்துக்கொள்வார். செயல்களின் விளைவுகள் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதோ கணக்கில் வரும் கூட்டல், கழித்தல் குறிகளின் பொருளில். ஒரு செயலுக்குப் பின் ஏதோ ஒன்று சேர்கிறதா, நீங்குகிறதா என்பது ஒரு கேள்வி. அதன் விளைவாக அந்தச் செயல் மிகுகிறதா, குறைகிறதா என்பது இன்னொரு கேள்வி. வலுவூட்டல் எந்த வகையாயினும் செயலை மிகுவிக்கும், தண்டனை குறைக்கும். மாலையில் கொசு கடிக்கிறது, சுருளைக் கொளுத்துகிறோம், கடி நின்றுவிடுகிறது. மறுநாள் மாலை விளக்குப் போடும் முன்பே சுருளைத் தேடுகிறோம். தொல்லை நீங்கியதால் செயல் வலுப்பெற்றது. இதுதான் எதிர்மறை வலுவூட்டல். யாரும் யாரையும் தண்டிக்கவில்லை.

இதை விளங்கிக்கொள்ள இன்னொரு நிகழ்வை எடுத்துக்கொண்டோம். கைப்பேசி கேட்டு ஒரு குழந்தை அழுகிறது, தாங்க முடியாத தாய் எடுத்துக் கொடுக்கிறாள், அழுகை நிற்கிறது. குழந்தையின் பக்கம் பார்த்தால், அழுததும் கைப்பேசி கிடைத்தது. ஆகவே அழுகை நேர்மறையாக வலுவூட்டப்பட்டது. தாயின் பக்கம் பார்த்தால், கொடுத்ததும் அழுகை நீங்கியது. ஆகவே கொடுக்கும் செயல் எதிர்மறையாக வலுவூட்டப்பட்டது. ஒரே நிமிடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பழக்குகிறார்கள். இரண்டு பக்கங்களையும் தானே பிரித்துச் சொன்ன பிறகு அவள் அந்தக் கருத்தில் தடுமாறவே இல்லை. தமிழில் சேர்த்து வலுவூட்டல், நீக்கி வலுவூட்டல் என்று பெயரிட்டிருந்தால் எத்தனையோ மாணவர்களின் குழப்பம் தவிர்ந்திருக்கும் என்பது என் கருத்து. இந்த ஒரு சொல்லில் மட்டும், தமிழில் படிப்பவரும் ஆங்கிலத்தில் படிப்பவரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

அன்று முதல் ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டோம். வரையறையைக் கடைசியில்தான் பார்ப்பது, முதலில் சோதனை. யார் எதை அறிய விரும்பினார், யாரை அல்லது எதை வைத்து அறிந்தார், எதை அளந்தார் என்பதை அவள் புத்தகத்தைப் பாராமல் எனக்குச் சொல்ல வேண்டும். இவற்றுள் மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது என்பதை எபிங்ஹாஸின் பாடத்தில்தான் உணர்ந்தேன்.

ஹெர்மான் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர் 1885இல் வெளியிட்ட ஆய்வுக்கு அவரே சோதனையாளர், அவரே சோதனைக்கு உட்பட்டவர். பொருளற்ற அசைகளைப் பட்டியலாக்கி, பிழையின்றி ஒப்பிக்கும் வரை படிப்பார். குறித்த இடைவெளிக்குப் பின் அதே பட்டியலை மறுபடியும் படிப்பார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்று கணக்கிடுவார். இருபது நிமிடத்துக்குப் பின் ஏறத்தாழ 58 விழுக்காடு, ஒரு மணி நேரத்துக்குப் பின் 44, ஒரு நாளுக்குப் பின் 34, முப்பத்தொரு நாளுக்குப் பின் 21 என்று மிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மறதி வளைகோடு என்று நாம் வரையும் படம் இதுதான்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, படித்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நாளில் மறந்துவிடுகிறோம் என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்கிறார்கள்; நானும் என் மாணவர்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். எபிங்ஹாஸ் அளந்ததோ எத்தனை அசைகள் நினைவில் நின்றன என்பதை அல்ல. மறுபடி கற்பதில் மிச்சமான உழைப்பையே அளந்தார். ஓர் அசைகூட நினைவுக்கு வராத நிலையிலும் மறுகற்றல் விரைவாக முடியலாம். அப்படியானால் நினைவு முற்றிலும் அழியவில்லை என்றுதான் பொருள். மேலும், அவை பொருளற்ற அசைகள். பொருளுள்ள பாடத்துக்கு அதே வேகத்தை அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. எதை அளந்தார் என்று கேட்காமல் வளைகோட்டை மட்டும் மனப்பாடம் செய்ததால், பல ஆண்டுகள் ஒரு தவறான செய்தியை வகுப்பறையில் பரப்பியிருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

அவள் நான்கு முறை படித்தும் ஏன் எழுத முடியவில்லை என்பதற்கும் இதே துறையில் விடை இருந்தது. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்னும் இருவர் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவினர் நான்கு முறையும் படித்தார்கள்; இன்னொரு குழுவினர் ஒரு முறை படித்துவிட்டு, அடுத்த மூன்று முறையும் வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நான்கு முறை படித்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. படித்தவர்களே தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள் என்பதுதான் என் மனத்தில் தைத்த செய்தி. கண்ணுக்குப் பழகிய வரி, தெரிந்த வரி என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. மஞ்சள் மை அந்த எண்ணத்தை இன்னும் கூட்டுகிறது. பார்த்ததும் அடையாளம் காணும் மீட்டறிதல் வேறு, பாராமலே நினைவிலிருந்து எடுக்கும் மீட்டுக்கொணர்தல் வேறு என்று பி.எட். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிய வேறுபாடு அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவள் மஞ்சள் பேனாவை எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வெற்றுத்தாளை எடுத்துக்கொண்டாள்.

நினைவின் வகைகள் என்னும் பகுதிக்கு வந்தபோது, பட்டியலைத் தொடாமல் ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து தொடங்கினோம். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்ட 27 வயது இளைஞருக்கு மூளையின் இரு பக்கங்களிலும் காதையொட்டி இருக்கும் பொட்டு மடல்களின் உட்பகுதி அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் நிகழ்ந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புதியவராகவே அவருக்குத் தெரிந்தார். 2008இல் அவர் இறக்கும் வரை உலகம் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாலேயே அறிந்திருந்தது. ஹென்றி மொலைசன் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். மூன்று நாள்களில் அவரது கை தேறிக்கொண்டே வந்தது, பிழைகள் குறைந்தன. ஆயினும் ஒவ்வொரு நாளும் அந்தப் பயிற்சியைத் தாம் முதன்முறையாகச் செய்வதாகவே அவர் கருதினார்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நினைவுங்கறது ஒண்ணு இல்லையா, சித்தி?” என்று கேட்டாள். நிகழ்ச்சி நினைவு, செய்முறை நினைவு என்று பாடநூல் இடும் பெயர்கள் அந்தக் கேள்விக்குப் பிறகு வந்தால்தான் ஒட்டுகின்றன. தம் உடலைத் தம் வாழ்நாள் முழுவதும் அறிவியலுக்குக் கொடுத்த அந்த மனிதரை ஓர் ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாப் பாடத்துக்கும் இவ்வளவு நேரம் செலவிடவில்லை. மனிதத் தேவைகளை அடிப்படையிலிருந்து மேல்நோக்கி அடுக்கும் மாஸ்லோவின் தேவைப் படிநிலையை ஒரு மாலையில் முடித்தோம். 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் நாம் எல்லோரும் வரையும் முக்கோணம் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டோம். ஃபிராய்டுக்கு அறிமுக நூல்கள் ஒதுக்கும் பக்கங்கள் அதிகம் என்றே இன்னமும் நினைக்கிறேன். ஒவ்வொரு குழந்தையும் கண்வழி, செவிவழி, செயல்வழி என்று ஒரு கற்றல் பாணிக்கு உரியது, அந்தப் பாணியில் கற்பித்தால்தான் கற்கும் என்ற கருத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். 2008இல் பாஷ்லர் முதலிய நால்வர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். ஆசிரியப் பயிற்சிகளில் இக்கருத்து இன்றும் உறுதியான உண்மைபோலவே சொல்லப்படுகிறது.

ஒரு தூண்டல் இன்னொன்றோடு இணைந்து அதே விளைவை எழுப்பப் பழகுவதே ஆக்கநிலையுறுத்தம்; அந்தப் பாடத்துக்கு நாங்கள் வந்தது என் சொந்த அனுபவத்தால். பத்து வயதில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் போனோம். அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைக் கீழேயே சாப்பிட்டுவிட்டு ஏறினேன். அந்த மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் வயிறு புரட்டி எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து எலுமிச்சைச் சாதத்தின் வாசனை பட்டாலே குமட்டும். வளைவுகள்தான் காரணம் என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் பேருந்தில் ஏறும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வால்பாறைக்கும் பலமுறை போய் வந்துவிட்டேன்.

ஓர் ஒலியைக் கேட்டதும் எச்சில் ஊறும்படி நாய்களைப் பழக்கிய ரஷ்ய அறிஞர் பாவ்லவ் சொன்னபடி பார்த்தால், அருகருகே நிகழும் எந்தத் தூண்டலும் இணையலாம். பேருந்தின் இரைச்சலும் இருக்கையின் நிறமும் குமட்டலோடு இணைந்திருக்க வேண்டும். ஏன் சாதம் மட்டும்? இதற்கு விடை ஜான் கார்சியா, கோலிங் இருவரின் 1966ஆம் ஆண்டுச் சோதனையில் உள்ளது. எலிகள் இனிப்பு நீரை நக்கும்போதெல்லாம் ஒளியும் ஒலியும் எழும்படி அமைத்தார்கள். பின்னர் சில எலிகளுக்கு நோயுணர்வும், வேறு சிலவற்றுக்கு மின்னதிர்ச்சியும் உண்டாக்கினார்கள். நோயுற்றவை சுவையை வெறுத்தன. அதிர்ச்சி பெற்றவை ஒளியையும் ஒலியையும் அஞ்சின. வயிற்றின் துன்பம் நாக்கோடு இணைகிறது, தோலின் துன்பம் கண்ணோடும் செவியோடும் இணைகிறது. எதுவும் எதனோடும் இணையும் என்று அதுவரை நம்பிய துறைக்கு இது ஏற்கக் கடினமாக இருந்தது. முன்னணி இதழ்கள் சில கார்சியாவின் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. பாவ்லவின் கருத்து எங்கே நிற்கிறது, எங்கே திருத்தம் பெறுகிறது என்பது அவளுக்கு என் வயிற்றின் வழியே விளங்கியது.

அதன்பின் அவளே ஒரு சோதனையை முன்மொழிந்தாள். நோயுணர்வு இல்லாமல் அந்த உணவை மட்டும் மீண்டும் மீண்டும் சந்தித்தால் துலங்கல், அதாவது தூண்டலுக்கு எழும் அந்தக் குமட்டல், மெல்ல மறைய வேண்டும்; இதைப் பாடநூல் அணைந்துபோதல் என்கிறது. அக்கா செய்து அனுப்பிய எலுமிச்சைச் சாதத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கவளம் என்று தொடங்கினேன். முதல் வாரம் வாயருகே கொண்டுபோகவே முடியவில்லை. ஆறாவது வாரம் குமட்டலின்றி நான்கு கவளம் உண்டேன். பிறகு பள்ளித் தேர்வு வேலைகளால் ஒரு மாதம் விட்டுப்போயிற்று. சென்ற ஞாயிறு மறுபடியும் இலையைப் பிரித்தபோது பழைய குமட்டல் லேசாக எழுந்தது. அணைந்த துலங்கல் இடைவெளிக்குப் பின் தானே தலைகாட்டும் என்பதைப் பாவ்லவே தம் நாய்களிடம் கண்டிருக்கிறார். அவள் எதிரே உட்கார்ந்து, புத்தகத்தைத் திறக்காமலேயே அதன் பெயரைச் சொல்லி, நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டாள். நான் இரண்டாவது கவளத்தை எடுத்தேன்.