ஏழாவது ஃப்ரெட்

மார்ச் 2

கிட்டாரைப் பிரித்தாகிவிட்டது. ஸ்ட்ரிங்கைத் தளர்த்திக் கழற்றி, முன்பக்கத்தை மூடியிருக்கும் பிக்கார்டின் 11 ஸ்குருவையும் ஒரு பாட்டில் மூடிக்குள் போட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று வயர் எது எங்கே போகிறது என்று ஆறு போட்டோ எடுத்துவைத்தேன். உள்ளே பார்த்தால் சிரிப்பு வருகிறது. இவ்வளவு சத்தம் போடுகிற ஒரு சாமானுக்குள் மூன்று பாட் (சத்தத்தையும் டோனையும் கூட்டிக் குறைக்கிற திருகு), ஒரு ஸ்விட்ச், ஒரு கெப்பாசிட்டர், நாலு முழம் வயர், அவ்வளவுதான். செய்ய வேண்டியவை: பேசாத நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் இருந்து ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்), கரகரக்கிற வால்யூம் பாட், இரைச்சல், அப்புறம் நாலாவது ஸ்ட்ரிங் ஏழாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வருகிற அந்தச் சிர்ர். 19-க்குள் முடிக்க வேண்டும்.

மார்ச் 3

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஸ்ட்ரிங் வந்து முடிகிற பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் 6.1 கிலோ ஓம், நடுவில் இருப்பது 5.8. நெக் பிக்கப்பில் ஒன்றுமே காட்டவில்லை. சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. அந்தக் கம்பியின் கனம் 0.06 மில்லிமீட்டர் சொச்சம், தலைமுடி அளவு. அதைக் கிட்டத்தட்ட 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். வெளிச்சுற்றில் அறுந்திருந்தால் ஒரு சுற்றை அவிழ்த்துப் பற்றவைத்துவிடலாம் என்று டேப்பைப் பிரித்து லென்ஸ் வைத்து அரைமணி நேரம் தேடினேன். வெளியே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உள்ளே எங்கோ. வேறு பிக்கப்தான் போட வேண்டும்.

மார்ச் 4

விரல் இன்று பரவாயில்லை.

மார்ச் 6

இரைச்சலுக்காக நாள் முழுக்க செப்பு டேப். உடம்பின் பள்ளம் முழுக்க, பிக்கார்டின் முதுகு முழுக்க. ஒட்டுவது சுலபம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், மூலையில் மடிக்கும்போது விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கிறது. ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும், ஒட்டியபின் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் இரண்டு கோடியில் வைத்தால் பீப் வர வேண்டும். எனக்கு ஒரு மூலையில் வரவில்லை. அந்த டேப்பின் பசை மின்சாரம் கடத்தாத பசை. மூட்டுகளில் ஒரு சொட்டு சாலிடர் வைத்துச் சரிசெய்தேன்.

இத்தனைக்கும் இது பாதி இரைச்சலுக்குத்தான் மருந்து. டியூப் லைட்டும் டிம்மரும் கொண்டுவந்து சேர்க்கிற மேல்ஸ்தாயிச் சலசலப்பு இதில் அடங்கும். அடியில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் முனகல் அடங்காது, அது காந்தப்புலமாக வந்து சுருளிலேயே ஏறிவிடுகிறது, செம்பு அதைத் தடுக்காது. தெரிந்தேதான் ஒட்டினேன். கைக்கு வேலை வேண்டும்.

மார்ச் 7

ஊமை. எல்லாம் மூடி பிளக் செருகினால் ஒரு சத்தமும் இல்லை. திறந்தால் பாடுகிறது, மூடினால் ஊமை. திறந்தேன், மூடினேன், திறந்தேன். ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை. கடைசியில் பார்த்தால் ஜாக்கின் சிக்னல் முனை, மூடும்போது மட்டும், நான் ஆசை ஆசையாக ஒட்டிய அதே செம்பைத் தொடுகிறது. மொத்த சிக்னலும் எர்த்துக்குப் போய்விடுகிறது. ஜாக்கைக் கொஞ்சம் திருப்பி, ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். முடிந்தது. இரண்டரை மணி நேரம்!

மார்ச் 8

இன்றைக்கும் ஒருவர் கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் கதையை அனுப்பினார். இது நாலாவது தடவை. 1928-ல் தீவிபத்து, இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் செயலிழந்தும் இரண்டு விரலை வைத்தே வாசித்தார், ஆமாம், தெரியும். பிளாக் சப்பாத் கிட்டார்காரர் டோனி அயோமி பற்றியும் தெரியும், தொழிற்சாலை மெஷினில் இரண்டு விரல் நுனியை இழந்து, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டவர். நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அவர் ஜாங்கோ. நான் வாரத்துக்கு ஒருநாள் நண்பர்களோடு சுமாராக வாசிக்கிறவன். எனக்கு அந்தக் கதையில் என்ன இடம் என்று புரியவில்லை.

நன்றி என்று பதில் போட்டேன்.

மார்ச் 10

புது பிக்கப் வந்தது, போட்டேன், சோதிக்க ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் மாட்டி மீட்டினால் ஸ்விட்ச்சின் நாலாவது பொசிஷன் கெட்டுப்போயிருக்கிறது. நெக் தனியாக நன்றாக இருக்கிறது, நடு தனியாக நன்றாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மூக்கால் பேசுகிற மாதிரி ஒல்லியாக ஒரு சத்தம். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒரே ஒரு நல்ல விஷயம், அந்தப் பொசிஷனில் முனகல் சுத்தமாக இல்லை.

சரி, புதியதின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். சத்தம் தடித்தது, வயிறு வந்தது, கூடவே முனகலும் வந்தது. திசைகாட்டியை எடுத்துப் பிக்கப்புகளின் மேல் பிடித்துப் பார்த்ததும்தான் புரிந்தது. காந்தமும் கம்பி சுற்றிய திசையும் இரண்டுமே எதிரெதிராக இருந்தால்தான் இசை கூடி முனகல் கழியும். இங்கே நடுவில் இருப்பதற்கும் புதியதற்கும் காந்தம் ஒரே பக்கம் பார்க்கிறது. ஆகவே ஒல்லியான அமைதி அல்லது தடித்த முனகல், இரண்டில் ஒன்று. பழைய பிக்கப்புக்கும் நடுவுக்கும் இந்தப் பிரச்சினை இருந்ததே இல்லை, அப்போது நான் அதைக் கவனித்ததும் இல்லை.

முனகட்டும்.

மார்ச் 11

வால்யூம் பாட் மாற்றினேன். 250 கிலோ ஓம், சத்தம் காதுக்குச் சீராக ஏறுகிற ஆடியோ டேப்பர் வகை. பாட்டின் முதுகில் எர்த் வயரைப் பற்றவைப்பதுதான் எப்போதும் தகராறு, அந்த உலோகம் சூட்டை எல்லாம் குடித்துவிடும், ரொம்ப நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் தடம் வெந்துவிடும். அதனால் முதுகை முதலில் அரம் வைத்துச் சுரண்டி, அயர்னை 370-க்கு ஏற்றி, அகலமான முனையால் மூன்று விநாடியில் முடித்துவிட வேண்டும். இடது கையால் வயரைப் பிடித்திருந்தேன்.

கருகல் வாடை வந்தது. வயரின் உறைதான் உருகுகிறது என்று நினைத்து அயர்னை நகர்த்தாமல் அப்படியே வைத்திருந்தேன்.

சுண்டுவிரலின் பக்கவாட்டில் ஒரு கொப்புளம். இப்போதும் வலிக்கவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 12

எல்லா ஸ்ட்ரிங்கும் போட்டேன், பழைய பத்து நம்பர் கன செட்டே. இரவு மூன்று மணி, தூக்கம் இல்லை, முழங்கைப் பட்டை மடக்கவே விடமாட்டேன் என்கிறது. ஆம்ப் இல்லாமல் எடுத்து நாலாவது ஸ்ட்ரிங் ஏழாவது ஃப்ரெட் அழுத்தினேன். சிர்ர். அப்படியே இருக்கிறது. இத்தனையும் செய்தும்.

மார்ச் 13

டிரஸ் ராட், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்கிற கம்பி. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை முழங்கையால் அழுத்திப் பிடித்து (வலது முழங்கை), எட்டாவது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டால் 0.15 மில்லிமீட்டர்தான் இருந்தது. 0.25 வேண்டும். கால் சுற்று தளர்த்தினேன். டியூன் செய்தேன். காத்திருந்தேன். 0.25.

சிர்ர்.

மார்ச் 14

பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காருகிற சேடிலை உயர்த்தினேன். 12-வது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம் 1.6 மில்லிமீட்டர் இருந்ததை 1.8, அப்புறம் 2.0, அப்புறம் 2.3. இதற்கு மேல் உயர்த்தினால் மேட்டில் வண்டி ஏறுகிற மாதிரி இருக்கும். சிர்ர். பிக்கப்பை இறக்கிப் பார்த்தேன், காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கிறதோ என்று. அப்படி இழுத்தால் சத்தம் அலையும், இப்படிச் சிணுங்காது, அது எனக்கே தெரியும், இருந்தாலும் இறக்கினேன். சின்ன ஸ்கேலை 7, 8, 9 மேல் வைத்து ஆட்டினேன். எட்டாவது ஃப்ரெட் உயரமாக இருந்தால் ஸ்கேல் ஊஞ்சலாடும். ஆடுகிற மாதிரியும் இருக்கிறது, ஆடாத மாதிரியும் இருக்கிறது.

அக்கா வந்துவிட்டாள். 19 முடிந்து இரண்டு வாரம் இருப்பாளாம்.

மார்ச் 15

எட்டாவது ஃப்ரெட்தான். வேறெதுவாகவும் இருக்க முடியாது.

மார்ச் 16

ஃபிங்கர்போர்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி எட்டாவது ஃப்ரெட்டின் தலையில் மார்க்கர் மையைப் பூசினேன், அரம் எங்கே தேய்க்கிறது என்று தெரிவதற்கு. ஃபிரெட்டில் அரம் வைத்தால் திரும்பி வர வழியில்லை, எடுத்த உலோகம் எடுத்ததுதான். அதனால் கடைசியாக ஒருமுறை ஸ்ட்ரிங் சரியாக எங்கே தொடுகிறது என்று கண்ணைக் கிட்ட வைத்துப் பார்க்கலாமென்று தோன்றியது. கண்ணை அங்கே வைத்தால் கையை இங்கே வைக்க முடியாது. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வாழ்க்கையில் கிட்டாரைத் தொட்டவள் இல்லை.

"இந்தக் கட்டத்துல இந்தக் கம்பிய அழுத்து."

அழுத்தினாள். நான் மீட்டினேன். சத்தம் சுத்தமாக வந்தது. மணி மாதிரி.

"கொஞ்சம் மெதுவா அழுத்துக்கா." மெதுவாக அழுத்தினாள். சுத்தம். "இன்னும் கொஞ்சம் பின்னாடி." சுத்தம். மோதிர விரலால் அழுத்தச் சொன்னேன். அதுவும் சுத்தம். "என்னடா, ரிப்பேர்னு சொன்ன, நல்லாத்தான இருக்கு?" என்றாள். ஆமாக்கா, இப்பத்தான் சரியாச்சு என்றேன்.

அவள் போனபிறகு கேப்போவை ஏழில் மாட்டி மீட்டினேன். சுத்தம். என் ஆள்காட்டி விரல். சுத்தம். நடு விரல், சுத்தம். மோதிர விரலை வைத்து, நுனி வெளுக்கிற வரைக்கும், தோள்பட்டை வரை இறுக்கிக்கொண்டு அழுத்தினேன்.

பிப்ரவரியிலேயே அந்தச் சத்தம் இருந்தது. ஜனவரியிலும் இருந்ததா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டபோது மூன்று வாரமாக என்று சொன்னேன்.

மார்ச் 17

மையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அரம் டப்பாவில்.

மார்ச் 18

பத்தைவிட மெல்லிய ஒன்பது செட் போட்டிருக்கிறேன். பத்து செட்டை வருடக்கணக்காக வாசித்துவிட்டு, ஒன்பது போடுகிறவர்களைக் கிண்டல் பண்ணியவன். டிரம்ஸ்காரனுக்குத் தெரிந்தால் விடமாட்டான்.

ஒரு நம்பர் குறைந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும், இதை யாரும் முதலில் சொல்வதில்லை. ஸ்ட்ரிங் இழுப்பு குறைந்ததும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் ஜெயித்து பிரிட்ஜ் உடம்போடு படுத்துவிட்டது, கொக்கி ஸ்குருவை இரண்டு பக்கமும் ஒரு சுற்றுத் தளர்த்தினேன். தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காருகிற நட்டின் பள்ளங்கள் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கின்றன, பென்சில் கரியைத் தடவிவைத்தேன், ஸ்ட்ரிங் சிக்காமல் நழுவும். சேடிலை மறுபடி 1.6-க்கு இறக்கினேன். 12-வது ஃப்ரெட்டில் இன்டனேஷன் (அழுத்தும்போது சுருதி சரியாக நிற்கிறதா என்று) பார்த்தேன், முதலாவதும் நாலாவதும் அழுத்தினால் ஏறி நிற்கின்றன, சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும். ஆள்காட்டி விரலாலேயே எல்லாம் பார்த்தேன்.

ஏழாவதை அழுத்திப் பார்க்கவில்லை.

நெக் இப்போது பின்னால் சாய்ந்து 0.1-தான் காட்டுகிறது. டிரஸ் ராடை இன்னும் கால் சுற்று தளர்த்தியிருக்கிறேன். மரம் உடனே கேட்காது, ஓர் இரவு வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்தால் அளந்துவிட்டு, இன்டனேஷனையும் முடித்துவிட்டுக் கிளம்பலாம், ஆறரைக்குத்தான் வண்டி. அக்கா விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துகிறாள். ஃபீலர் கேஜை எங்கே வைத்தேன் என்று பார்க்க வேண்டும்