விலாசம் வெட்டிய பாத்திரங்கள்: காரைக்குடி நாட்குறிப்பு

8 ஜூன் 2025, ஞாயிறு

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீடு கலைகிறது. பங்காளிகள் ஆறு பேர். இருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், மற்றவர்கள் கல்யாணம் காட்சிக்கு மட்டும் ஊருக்கு வருபவர்கள். இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியில், ஓடு பெயர்ந்து மழைத்தண்ணீர் இறங்குகிறது. சரிசெய்ய யாரும் தனியாகப் பணம் போடுவதாக இல்லை. முதலில் சாமான், அப்புறம் மரம், கடைசியில் மனை என்று பேசி முடித்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் விலைபோகின்றன.

பழஞ்சாமான் வாங்கி விற்பது என் தொழில். தரகரோடு காலையிலேயே போய்விட்டேன். வீட்டில் ஒரு ஆச்சி மட்டும் இருந்தார், எண்பது வயதைத் தாண்டியவர். “ஆறு பேரும் கையெழுத்துப் போட்ட சிட்டை இருக்கா ஆச்சி?” என்றுதான் முதலில் கேட்டேன். பொதுச் சாமானை ஒரு பங்காளி மட்டும் விற்றால், லாரி கிளம்பும் நேரத்தில் இன்னொருவர் போன் போட்டு நிறுத்துவார். சிட்டையைப் பார்க்காமல் நான் ஒரு சொம்பைக்கூடத் தூக்குவதில்லை. “எல்லாம் எழுதி வச்சிருக்கு தம்பி, நீங்க பாத்துட்டுப் பேசுங்க” என்று ஒரு நோட்டை நீட்டினார்.

வளவை, அதாவது தூண் வைத்த நடு முற்றத்தை, ஒட்டிய அறையைத் திறந்தார். ஒரு சுவர் முழுக்க எனாமல். தூக்குகள், மூடி போட்ட டப்பாக்கள், தட்டுகள், வெளிறிய நீலத்திலும் பாலாடை நிறத்திலும். ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். ‘கோக்கம்ஸ், ஸ்வீடன்’ என்ற முத்திரை தேயாமல் இருந்தது. ஸ்வீடன் எனாமல் காரைக்குடியில் கிடைப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் வீடு இது. 1930களின் முடிவில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. கப்பல் ஏறும் ஊர்களில் உலகச் சாமானெல்லாம் கிடைத்தது. பெண்ணுக்குச் சீர் வைக்க டஜன் கணக்கில் வாங்கி வந்தார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் நிலமும் கடையும் அங்கேயே நின்றுவிட்டன. ஊருக்கு வந்துசேர்ந்திருந்த சாமான் தங்கிவிட்டது.

எனாமலில் நான் முதலில் பார்ப்பது விளிம்பையும் மூடியையும். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியதுதான் எனாமல். ஓர் இடத்தில் செதில் பெயர்ந்தால் துரு உள்ளே இறங்கும். விரலால் தடவும்போது துரு பொரிந்திருந்தால் அது வளர்கிறது என்று அர்த்தம். வழவழப்பான கறுப்புத் தழும்பு மட்டும் இருந்தால் கவலை இல்லை. மூடி மாறியிருந்தால் பாதி விலைதான். இங்கே ஆச்சி வீட்டில் மூடிகளை அந்தந்த டப்பாவோடு துணியால் கட்டியே வைத்திருந்தார்கள். மனது நிறைந்துவிட்டது.

11 ஜூன், புதன்

பித்தளையும் வெண்கலமும் எண்ணி முடிக்க ஒரு நாள் பிடித்தது. அண்டா, தவலை, கங்காளம், அடுக்குச்சட்டி, கூஜா, திருகுச்செம்பு. கூடவே மரத்தில் கடைந்து அரக்குப் பூசிய மரவைகள். ஏறக்குறைய எல்லா உலோகப் பாத்திரத்திலும் கழுத்துக்குக் கீழே விலாசம் வெட்டியிருக்கிறது. தாத்தா, அப்பா, மகன் பெயர்களின் முதலெழுத்துகள், நடுவே புள்ளி. நகரத்தார் என்கிற இந்தச் செட்டியார்கள் வீட்டில் விசேஷம் என்றால் பாத்திரம் வீடு வீடாகப் போய்வரும். எது யாருடையது என்று பிரித்தெடுக்க அந்த எழுத்துதான் வழி.

அந்த எழுத்தை நிதானமாகப் பார்க்கத் தெரிந்தால் பாத்திரத்தின் வயதே பிடிபடும். பழைய வெட்டு, உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டியது. வருஷக்கணக்கில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் ஒவ்வொரு குழியின் விளிம்பும் உருண்டு, நகத்தால் வருடினால் தடுக்காது. அண்மையில் மின்சார ஊசியால் வெட்டியது ஒரே கோடாக நடுங்கி ஓடும். புதுப் பித்தளையில் பழைய மாதிரி புள்ளி வைத்து விற்பவர்களும் உண்டு. அதில் குழியைச் சுற்றிப் பிசிறு எழும்பி நிற்கும், விரல் நுனியிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு முன்னால் வந்த எடைக்காரர் பித்தளைக்குக் கிலோ 480 ரூபாய் சொல்லியிருக்கிறார். அவர் எடுத்தால் நேரே உலைதான். நான் பிரித்துப் பேசினேன். ஒடுங்கியது, ஓட்டையானது எடைக்கு. விலாசமும் வடிவமும் முழுசாக இருப்பது உருப்படிக்கு. பங்காளிகளில் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து, “ரெண்டு கணக்கு எதுக்கு?” என்றார். ஒரே திருகுச்செம்புக்கு எடைக்கணக்கில் என்ன வரும், என் கணக்கில் என்ன வரும் என்று தராசில் வைத்துக் காட்டினேன். அப்புறம் அவரே மற்றவர்களிடம் எடுத்துச் சொன்னார்.

14 ஜூன், சனி

பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், வரிசையாக மாட்டியிருந்த படங்களை இன்று இறக்கினோம். லட்சுமியும் சரஸ்வதியும் ரவிவர்மா அச்சுப் படங்கள். சேலைக்குச் சரிகையும், நகைக்குச் சமிக்கியும், மணியும் வீட்டுப் பெண்களே தைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ரவிவர்மா பம்பாய் காட்கோபரில் 1894இல் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவலா அருகே மாளவ்லிக்குப் போனது. கல்லில் வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லாக வைத்து அழுத்தி எடுத்த படங்கள். பத்து மடங்கு லென்ஸை வைத்தால் நிறம் மணல் தூவினாற்போல ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும். இப்போது வரும் நகல் ஆஃப்செட்டில் அடித்தது, லென்ஸில் ஒரே இடைவெளியில் புள்ளிகள் வட்டம் வட்டமாகத் தெரியும். சட்டத்தைக் கழற்றினால் கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். சட்டத்துக்குள் நுழைப்பதற்காக அந்த ஓரத்தை வெட்டிவிட்ட படங்களே அதிகம். இந்த வீட்டில் இரண்டில் முழு ஓரமும் இருக்கிறது.

சமிக்கியை எடுத்துவிட்டு வெறும் படமாகக் கொடுக்கச் சொல்கிற வியாபாரிகள் உண்டு. நான் ஒரு மணியையும் தொடப்போவதில்லை. அச்சுப் படம் ஆயிரக்கணக்கில் வந்தது, இந்த வேலைப்பாடு இந்த ஒன்றில்தான் இருக்கிறது. “எங்க ஆயா ஒட்டுனது” என்று, தன் பாட்டியைச் சொல்லி, ஆச்சி சரஸ்வதி படத்தைக் காட்டினார். அதைப் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

15 ஜூன், ஞாயிறு

ராத்திரி ரயிலில் சென்னை. காலையில் ஒரு ஏலம். வெள்ளைக்காரர் காலத்துக் கம்பெனி பங்களா ஒன்றிலிருந்து வந்த சாமான் என்று சொல்லியிருந்தார்கள்.

பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் மூன்று வரிசையாக நின்றன. மூன்றும் புதுசு. குழாயின் ஒட்டு பளபளவென்று இருக்கிறது, எச்எம்வி கம்பெனியின் நாய்ப் படம் வெறும் ஸ்டிக்கர். நம் ஊர் வீடுகளில் நிஜமாகக் கிடைப்பது பெரும்பாலும் பெட்டிக்குள் மடங்கும் எச்எம்வி. அதில் 102 என்ற மாடல் 1931இல் வந்தது. குழாய் வைத்தது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

என் கண் அன்சோனியா சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. நியூயார்க் பக்கம் புரூக்ளினில் இயங்கிய கம்பெனி. 1929இல் அதன் இயந்திரங்களைச் சோவியத் நாடு வாங்கிக்கொண்டு போனது. அதனால் அசல் அன்சோனியா என்றால் அதற்கு முந்தையது. கூடு ஒன்று, உள் இயந்திரம் வேறொன்று என்று ஒட்டுப்போட்டு விற்பதுதான் இதில் பெரிய ஆபத்து. கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். பின்பலகையில் இப்போதுள்ள திருகாணி தவிர வேறு ஓட்டை இல்லை. சாவித் துளை, முகப்பின் துளைக்கு நேர் நடுவில் நிற்கிறது. தகட்டில் கம்பெனி முத்திரை இருக்கிறது. நல்ல ஜோடி.

ஏலத்தில் சிண்டிகேட் போட்டிருந்தார்கள். ஐந்தாறு வியாபாரிகள் ஒருவருக்கொருவர் ஏற்றாமல், ஒருவர் பெயரில் எடுத்து, வெளியே டீக்கடையில் தங்களுக்குள் மறுபடி ஏலம் விடுவார்கள். நஷ்டம் முழுக்கச் சாமான் கொடுத்த குடும்பத்துக்கு. இந்த வழக்கம் எனக்குப் பிடிக்காது, அழைத்தாலும் போவதில்லை. கடிகாரத்துக்கு அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து நான் ஏற்றினேன். ஒரு தரம், ரெண்டு தரம் என்று போய் 23,000 ரூபாயில் மூணு தரம் விழுந்தது. வெளியே வந்தபோது ஒருவர் முறைத்துப் பார்த்தார். பார்க்கட்டும்.

20 ஜூன், வெள்ளி

கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் கோயில் கலசம் கிடைக்குமா, அரிசியை இழுக்கும் ரைஸ் புல்லர் இருக்கிறதா என்று கேட்டார். இரிடியம் என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றுகிற மோசடி அது. எந்தச் செம்புக் கலசமும் அரிசியை இழுக்காது. அவர் ஏற்கெனவே யாருக்கோ முன்பணம் கொடுத்திருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது. போலீஸில் எழுதிக் கொடுங்கள் என்று உட்காரவைத்துச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாமவர் துண்டில் சுற்றி ஒரு ஜாண் உயர அம்மன் விக்கிரகம் கொண்டுவந்தார். வீட்டுச் சாமி என்றார். தொடவில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், சிற்பம் என்றால் வைத்திருப்பவரே பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவே கூடாது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1983 முதல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது. என்னிடம் உரிமம் உண்டு. ஆனால் எந்தக் கோயிலிலிருந்து, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று காகிதம் இல்லாத சாமியை நான் வாங்க மாட்டேன். பதிவு அலுவலரிடம் போக வேண்டிய வழியை எழுதிக் கொடுத்தேன்.

நூறு ஆண்டு என்கிற கோடு வருஷா வருஷம் நகர்கிறது. 1925இல் செதுக்கிய கதவு நேற்றுவரை பழைய மரம், இன்று தொல்பொருள். பதிவேடும் புகைப்படமும் வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. சட்டம் கேட்காத எனாமல் தட்டுக்கும் நான் எழுதி வைக்கிறேன்.

26 ஜூன், வியாழன்

கழுவும் வேலை. பித்தளைக்குப் புளியும் கல்லுப்பும் போதும். உட்புறம் மட்டும் தேய்க்கிறோம், வெளியே படிந்த தேன் நிறத்தை விட்டுவிடுகிறோம். ஆசிட்டில் முக்கினால் அரை நாளில் முடிந்துவிடும், பாத்திரம் வெளிறிச் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். ஆசாரி அண்ணன் தேக்குப் பெட்டகத்தின் கீலைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். கையில் அரக்கு பாலிஷ்தான் எடுப்பார், வார்னிஷ் டப்பாவைக் கடைக்குள்ளேயே விட மாட்டார்.

3 ஜூலை, வியாழன்

பெங்களூரிலிருந்து ஒரு ஹோட்டலுக்கு உள்ளலங்காரம் செய்பவர் வந்தார். அண்டாக்களில் செடி வைக்கப் போகிறாராம். பன்னிரண்டு உருப்படி எடுத்துவைத்தார், பேரமும் அதிகம் பேசவில்லை. கடைசியில், “இந்த எழுத்தை மட்டும் கிரைண்டர் வச்சு எடுத்துடுங்க, யாரோட பேரோ இருக்கிறது கஸ்டமருக்கு ஒரு மாதிரி இருக்கும்” என்றார்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் இதைச் செய்துகொடுக்கும் கடை கிடைக்கும். நான் முடியாது என்றேன். அந்த எழுத்து போய்விட்டால், மொராதாபாத்தில் போன மாதம் வார்த்த அண்டாவுக்கும் இதற்கும் அவர் ஹோட்டலில் உட்காருகிறவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? இந்தப் பாத்திரத்துக்கு நான் கூடுதல் விலை கேட்பதே அது எந்த ஊர், எந்த வீடு என்று அதன் மேலேயே எழுதியிருப்பதற்காகத்தான். வீட்டைப் பிரித்துவிடுகிறோம், தூண் ஒரு ஊருக்குப் போகிறது, கதவு வேறு ஊருக்கு. அந்தக் குடும்பம் வாழ்ந்ததற்கான சாட்சி இந்த மூன்றெழுத்தில் இருக்கிறது. அதை ராவி எடுப்பது என் தொழிலையே ராவி எடுப்பது.

அவரிடம் இதையேதான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, எழுத்து வெட்டாத நான்கை மட்டும் எடுத்துக்கொண்டார். எட்டு உருப்படி வியாபாரம் போனது. பரவாயில்லை, பித்தளை கெட்டுப்போகாது.

7 ஜூலை, திங்கள்

ஆறு டப்பா கொண்ட நீல எனாமல் செட் போய்விட்டது. 12,000 ரூபாய்க்கு வாங்கியது, 19,500க்கு விற்றேன். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, கழுவிய கூலி போக மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம். வாங்கியவர் திருச்சியில் புதுவீடு கட்டிய ஆசிரியை. டப்பாவோடு ஒரு தாளும் கொடுத்தேன்: பள்ளத்தூர்ப் பக்கத்து வீடு, சீர்ச் சாமான், ரங்கூன் வழி வந்ததாகக் குடும்பத்தார் சொன்னது, மூடிகள் அசல். ‘குடும்பத்தார் சொன்னது’ என்பதையும் ‘நான் பார்த்தது’ என்பதையும் தனித்தனியாக எழுதுகிறேன். அவர் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தாளைத்தான் இரண்டு முறை படித்தார்.

10 ஜூலை, வியாழன்

ஆடி பிறப்பதற்குள் மரம் பிரித்துவிட வேண்டும் என்று பங்காளிகள் அவசரப்படுகிறார்கள். தூண்களைக் கன அடிக் கணக்கில் மர வியாபாரி ஒருவர் எடுக்கிறார், அது என் பங்கு இல்லை. ஆனால் பிரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எந்தத் தூண் எங்கே நின்றது என்று சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டேன். மர வியாபாரிக்கும் அது பிடித்துப்போயிற்று. எண் இருந்தால் வாங்குகிறவர் வரிசை மாறாமல் நிறுத்தலாம், விலையும் கூடும் என்றார்.

படங்களின் ஒரு பிரதியை ஆறு பங்காளிகளுக்கும் அனுப்பினேன். மலேசியாக்காரர் மட்டும் உடனே பதில் போட்டார்: அவர் அப்பச்சி (அப்பா) பெயர் வெட்டிய கூஜா இருந்தால் விற்க வேண்டாம், விலை சொல்லுங்கள். இருக்கிறது. வாங்கின விலையையே சொன்னேன். அடுத்த மாதம் ஆள் வரும்போது கொடுத்துவிட வேண்டும்.

நாளைக்குக் கோட்டையூரில் ஒரு வீடு பார்க்கப் போகிறேன். அங்கே பங்காளிகள் நான்கு பேர், சிட்டை இன்னும் எழுதவில்லையாம். முதலில் அதை எழுதச் சொல்ல வேண்டும்.