குளிருக்கு ஒரு குயில்ட்: நடுவுல எந்தப் பஞ்சு வைக்கிறது?

குயில்ட்ன்னா மேல்துணி, நடுவுல பஞ்சு, அடித்துணின்னு மூணு அடுக்கையும் சேத்துத் தைக்கிற போர்வை. அதுல மேல்பக்கம் முடிஞ்சுது, சாதா காட்டன் துண்டுங்களை ஒட்டுப்போட்டதுதான், அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. இழுபறியெல்லாம் நடு லேயர்லதான். ஏன்னா குயில்ட்ல கதகதப்பு முக்கியமா மேல்துணியால வர்றதில்ல, உள்ள இருக்குற பஞ்சு இழைங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குற காத்துதான் உடம்புச் சூட்டை வெளிய விடாம பிடிச்சு வைக்குது, அதனால பஞ்சு எவ்ளோ உப்பலா இருக்கு, அந்த உப்பல் எத்தனை நாளைக்கு நிக்கும்ங்கறதுதான் கேள்வியே.

காட்டன், பாலியஸ்டர், கம்பளி மூணுலயும் குட்டி சாம்பிள் தச்சு துவைச்சுப் பாத்தேன். காட்டன் தட்டையா, கனமா உடம்போட படிஞ்சு கிடக்குது, துவைச்சதும் கொஞ்சம் சுருங்கி மேல்துணியில சின்னச் சின்ன சுருக்கம் விழுது (எனக்கு அந்த லுக் ரொம்பப் பிடிக்கும்), ஆனா கடுங்குளிருக்குப் பத்தாது. ரெண்டு அடுக்கா வைக்கலாம்தான், அப்புறம் அந்தக் கனத்தை மெஷின்ல தள்ளித் தள்ளியே தோள்பட்டை போயிடும். பாலியஸ்டர் லேசு, நல்லா உப்புது, சீக்கிரம் காயுது, ஆனா வேர்வையை உறிஞ்சாது, போர்த்தினா ஒரு புழுக்கம். அதோட கருப்புத் துணி வழியா வெள்ளை இழை எட்டிப் பாக்குது, என் மேல்துணி பாதிக்கு மேல கருநீலம்ங்கறதால அது அப்பவே அவுட்.

கம்பளிதான் ஜெயிச்சுது. மடிச்சு வச்சுட்டு எடுத்தாலும் திரும்ப உப்பிக்குது, தன் எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கிட்டும் தொட்டா நனைஞ்ச மாதிரியே தெரியாது. சுடுதண்ணியில போட்டு அலசினா மட்டும் இறுகி கட்டியாயிடும், பச்சத்தண்ணி, மெதுவான சைக்கிள், விரிச்சுக் காயப்போடணும். அந்த ரோதனைக்கு நான் ரெடி.

அடிப்பக்கத்துக்கு ஃபிளீஸ் (புசுபுசுன்னு இருக்குற செயற்கை இழைத் துணி) வைக்கலாம்னு ஒரு ஆசை இருந்துச்சு, சுருங்காது, ஓரமும் பிரியாது, ஆனா அதுவும் பாலியஸ்டர்தானே, கம்பளி வச்சுட்டு கீழ அதைப் போட்டா ஈரம் வாங்குற குணம் பாதி வீணாயிடும். அதான் காட்டன் ஃபிளானல், மேல லேசா பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்குற துணி. ஃபிளானல் சாதா காட்டனை விட அதிகமா சுருங்கும்ங்கறதால வெட்டறதுக்கு முன்னாடியே துவைச்சு காயவச்சு எடுத்தாச்சு.

தையல் எவ்ளோ நெருக்கமோ அவ்ளோ பஞ்சு அமுங்கும், காத்தும் போயிடும். நெருக்கமான டிசைன் பாக்க அழகுதான், ஆனா இது சுவத்துல மாட்டறதுக்கு இல்லையே. பஞ்சு பாக்கெட்ல போட்டிருக்குற அதிகபட்ச தையல் இடைவெளிக்குள்ளதான் இருக்கணும், அதைத் தாண்டினா துவைக்கும்போது பஞ்சு நகரும், நான் 4 இஞ்ச் விட்டு நேர்கோடு போடப்போறேன். வாக்கிங் ஃபுட் (மேல் கீழ் அடுக்குங்களை ஒண்ணா நகத்துற மெஷின் பாதம்), 90 சைஸ் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ.

ரோலைப் பிரிச்சு ராத்திரி முழுக்க விரிச்சு வச்சதுல பஞ்சு நல்லா எழும்பிடுச்சு, சுத்தி 3 இஞ்ச் கூடுதலா விட்டு, மூணு லேயரையும் அடுக்கி, ஒரு கை அகலத்துக்கு ஒரு பின் குத்தியாச்சு. அடுத்து நடுவுலேர்ந்து ஓரத்துக்கு தைக்கணும். ஓரத்தை மடிச்சு மூடுற பட்டைக்கு ஃபிளானல் வேணாம், மூலையில தடிச்சுப்போகும், மிச்சமிருக்குற கருநீல காட்டன்லயே 2.5 இஞ்ச் பட்டை வெட்டிக்கலாம்.