ரெண்டாயிரம் பவுண்டுக்குள்ள ஒரு பழைய எம்எக்ஸ்-5: வாங்கினது, பிரிச்சது, ஓட்டினது

பழைய எம்எக்ஸ்-5, அதான் மேல்கூரைய மடக்கி ஓட்டுற மாஸ்டாவோட ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், வாங்கலாமான்னு யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான், பானெட்ட அப்புறம் தூக்கிக்கலாம், முதல்ல தரையில படுத்து அடியில டார்ச் அடிங்க. இஞ்சின் ஓடிடும். ஆயில் ஒழுங்கா மாத்தி, டைமிங் பெல்ட்ட ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருக்க மாத்திக்கிட்டு வந்திருந்தா அந்த இஞ்சின் நம்மள கைவிடாது. இந்த வண்டிய சாகடிக்கிறது துரு. அதுவும் இங்க இங்கிலாந்துல குளிர்காலம் வந்தா ஐஸ் பிடிக்காம இருக்க ரோடு பூரா உப்பு போடுவாங்க, அந்த உப்புத்தண்ணி டயர் அடிச்சு மேல ஏறி சந்து பொந்தெல்லாம் உக்காந்துக்கும், இருபது இருபத்தஞ்சு வருஷம் அப்படியே இருந்தா எந்த இரும்பு தாங்கும் சொல்லுங்க.

நான் இருக்கறது ஸ்டாக்போர்ட்ல, மான்செஸ்டருக்குப் பக்கம். வேலைக்குப் போக, பசங்கள ஸ்கூல்ல விட, மளிகை வாங்கன்னு எல்லாத்துக்கும் வீட்ல ஒரு சாதா ஹேட்ச்பேக் இருக்கு. ஆனா கிழக்குப் பக்கமா கொஞ்ச நேரம் ஓட்டினாலே பீக் டிஸ்ட்ரிக்ட் மலை ரோடு ஆரம்பிச்சிடும், இப்படி ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு மேல்கூரைய இறக்கி விட்டு ஓட்டுற வண்டி ஒண்ணு இல்லையேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஏக்கம். ரெண்டாயிரம் பவுண்டு, அதுக்கு மேல ஒரு காசு கூட இல்லைன்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டுத்தான் தேடவே ஆரம்பிச்சேன்.

அந்தக் காசுக்கு இங்க டூ சீட்டர்னா எம்ஜி எஃப் கிடைக்கும், மூணாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 கிடைக்கும், மாஸ்டா எம்எக்ஸ்-5 கிடைக்கும். முதல் ரெண்டுலயும் இஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கும், ஓட்ட அருமையான வண்டிங்கதான், ஆனா வீட்டு வாசல்ல நானே ஸ்பேனர் பிடிக்கணும்னா கை போக இடம் வேணும்ல. எம்எக்ஸ்-5ல இஞ்சின் முன்னாடி நீளவாக்குல நிக்குது, சுத்தியும் இடம், பின்சக்கரத்துக்குத்தான் பவர் போகுது, உதிரி பாகம் எல்லா இடத்துலயும் கிடைக்குது, விலையும் கம்மி. அதனால யோசிக்கவே இல்ல.

இந்த வண்டி பொறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் சொல்லிடறேன். 60, 70கள்ல சின்ன ரோட்ஸ்டர்னா, அதான் கூரை திறந்த ரெண்டு சீட்டு வண்டின்னா, இங்கிலாந்துதான், லோட்டஸ் எலான், எம்ஜி பி, ட்ரையம்ஃப்னு வரிசையா வந்துச்சு. 1980ல எம்ஜி பி நின்னுச்சு, கிட்டத்தட்ட அந்த வகை வண்டியே உலகத்துல இல்லாமப் போச்சு. அமெரிக்காவுல பாப் ஹால்னு ஒரு கார் பத்திரிகையாளர், அவர் 1979லயே மாஸ்டாவோட கெனிச்சி யமமோட்டோகிட்ட ‘நீங்க ஏன் அப்படி ஒரு எளிமையான வண்டிய பண்ணக் கூடாது’ன்னு கேட்டிருக்கார், பிறகு அவரே மாஸ்டாவுல வேலைக்கும் சேந்துட்டார். ஓடுற மாதிரி செஞ்ச ஒரு ஆரம்ப மாதிரி வண்டிய இதே இங்கிலாந்துல, வொர்திங் ஊர்ல இருந்த ஐஏடிங்கற கம்பெனிதான் கட்டிக் குடுத்துச்சு. 1989 சிகாகோ ஷோவுல வெளிய வந்துச்சு, 2016ல பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமால இறங்குச்சு. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்ல இதுக்கு மேல வித்த வண்டி வேற கிடையாது. அதனாலதான் இன்னைக்கும் ஒரு ரப்பர் உறைக்கோ, மூட்டுல போடுற ஒரு சின்ன புஷ்ஷுக்கோ நாம அலைய வேண்டியதில்ல.

முதல் தலைமுறை, அதான் ஹெட்லைட் மேல எழும்பி நிக்குமே அது, இப்ப விலை ஏறிப் போச்சு. 1998ல வந்த ரெண்டாவதுல ஹெட்லைட் நிலையா ஆயிடுச்சு, அதனால ஆளுங்க கொஞ்சம் ஒதுக்குறாங்க, ஆனா அடியில அதே டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (சக்கரத்த மேலயும் கீழயும் ஒவ்வொரு கை பிடிச்சிருக்கிற அமைப்பு) நாலு சக்கரத்துக்கும், கிட்டத்தட்ட அதே எடை, ஆயிரம் கிலோவ ஒட்டித்தான். கூடவே பின்னாடி பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பதிலா கண்ணாடி ஜன்னல், பனி படிஞ்சா சூடு பண்ற கம்பியோட. எனக்கு இது போதும், இதுலயும் 1.6 லிட்டர் இஞ்சின் போதும்னு முடிவு பண்ணேன்.

தேடும்போது ரொம்ப உதவினது எம்ஓடி வரலாறு. இங்க மூணு வயசு தாண்டின அனேகமா எல்லா காரும் வருஷா வருஷம் எம்ஓடிங்கற தகுதி டெஸ்ட் பாஸ் பண்ணணும், அந்த ரிசல்ட் எல்லாம் அரசாங்கத்தோட இணையதளத்துல நம்பர் பிளேட்ட போட்டா இலவசமா வந்துடும், பாஸ் ஆனதா, ஃபெயிலா, எத்தன மைல் ஓடியிருக்கு, ‘இதக் கவனிங்க’ன்னு எழுதின குறிப்பு வரைக்கும். நான் போன் பண்றதுக்கு முன்னாடியே அத உக்காந்து கத படிக்கிற மாதிரி படிப்பேன். ‘சில் பகுதியில துரு’ன்னு, அதாவது கதவுக்குக் கீழ ஓடுற இரும்புப் பகுதியில துருன்னு, ஒரு வருஷம் எழுதியிருக்கும், அடுத்த வருஷம் அது காணாமப் போயிருக்கும், அப்ப வெல்டிங் பண்ணாங்களா இல்ல மேல பூசி மறைச்சாங்களான்னு கேக்கணும். ஒரு வண்டி பாக்க அப்படி மின்னுச்சு, அடியில புதுசா அண்டர்சீல்ங்கற கருப்புப் பூச்சு தடிமனா அடிச்சிருந்தாங்க, விக்கறதுக்கு முந்தின வாரம் அடிச்ச மாதிரி ஈரவாசனை, விரல் முட்டியால தட்டினா டங்குன்னு வர வேண்டிய இடத்துல தொப்புன்னு வந்துச்சு. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

எங்க பாக்கணும்னா, ரெண்டு இடம். ஒண்ணு கதவுக்குக் கீழ ஓடுற சில், அதுலயும் பின்சக்கரத்துக்குச் சரியா முன்னாடி இருக்கிற கடைசி ஒரு சாண். ரெண்டு, இஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் முன்னாடி ஓடுற சேசிஸ் ரெயில், அதான் வண்டிய தாங்குற நீள இரும்புச் சட்டம், ரெண்டாம் தலைமுறையில இது முக்கியம், உள்ள ரெண்டு தகடு ஒட்டி இருக்கிற இடத்துல தண்ணி புகுந்து உள்ளேர்ந்து அரிச்சுக்கிட்டு வரும், வெளிய தெரியும்போது வேலை பெருசாயிடும். சில்லுல வெல்டிங் பண்ணிடலாம், காசு செலவாகும் அவ்ளோதான். முன் ரெயில் போயிருந்தா அந்த வண்டி வேண்டாம்னே சொல்லுவேன். சஸ்பென்ஷன், சீட் பெல்ட் மாட்டுற இடத்துலேர்ந்து 30 சென்டிமீட்டருக்குள்ள ஓட்டை விழுற அளவுக்கு துரு இருந்தா எம்ஓடில ஃபெயில்தான், இந்த வண்டில சில்லு அந்தக் கணக்குல வந்துடும்.

கடைசியா கிடைச்சது 2000ஆம் வருஷத்து 1.6, கரும்பச்சை. ஒரு ரிட்டயர்டு ஆள் வச்சிருந்தார், பெயிண்ட் அங்கங்க மங்கிப் போச்சு, டிரைவர் சீட்டு ஓரம் கிழிஞ்சிருக்கு, பின்பம்பர்ல ஒரு கீறல், அதனாலயே யாரும் சீண்டலபோல. ஆனா முன் ரெயில் சுத்தம், ரெண்டு சில்லும் சில வருஷம் முன்னாடி வெட்டி எடுத்து புதுசு வெல்டிங் பண்ணி அதுக்கான போட்டோ, பில் எல்லாம் ஃபைல்ல வச்சிருந்தார். அந்த ஃபைலப் பாத்ததுமே எனக்கு மனசு நிறைஞ்சிடுச்சு. பேரம் பேசி பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்சுது.

வீட்டுக்குக் கொண்டு வந்து முதல் வேலை தண்ணி வடியிற குழாய். இதப் பத்தி கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும், ஏன்னா சில்லு துருப்பிடிக்கிறதுக்கு பாதி காரணம் இதுதான். துணிக்கூரை மேல விழுற மழைத்தண்ணி பின்னாடி சீட்டுக்குப் பின்புறம் இருக்கிற ஒரு காடி வழியா ரெண்டு பக்கமும் ஓடி, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டைக்குள்ள போய், குழாய் வழியா பின்சக்கரத்துக்கு முன்னாடி கீழ வெளிய வரணும். அந்த ஓட்டையில இலை, பைன் முள்ளு, மண்ணு சேந்து அடைச்சிக்கிட்டா தண்ணி வெளிய போக வழியில்லாம கார்பெட்டுக்கும் சில்லுக்குள்ளயும் இறங்கிடும். என் வண்டில பாசஞ்சர் பக்கம் கார்பெட்ட அழுத்தினா தண்ணி வந்துச்சு, என் மனைவி கதவத் திறந்து ஒரு நிமிஷம் உக்காந்துட்டு “ஏங்க, உள்ள ஒரே ஈரவாடை, பசங்கள இதுல ஏத்தாதீங்க”ன்னு இறங்கிட்டா. புல்வெட்டுற மெஷின்ல போடுற நைலான் கயிறு இருக்குல்ல, அத எடுத்து மெதுவா விட்டு விட்டு இழுத்தேன், வேகமா குத்தினா குழாய் கழண்டுடும், அப்புறம் தண்ணி நேரா சில்லுக்குள்ளதான் போகும். கருப்பா சேறு வந்துச்சு, பிறகு ஒரு கப் தண்ணி ஊத்தினா கீழ ஒழுங்கா ஒழுகுச்சு. சீட்ட கழட்டி, கார்பெட்ட தூக்கி, ஒரு வாரம் கராஜுக்குள்ள டீஹ்யூமிடிஃபையர்னு ஈரத்த உறிஞ்சுற மெஷின் போட்டு காய வச்சதும் வாடை போயே போச்சு. இப்ப மாசம் ஒருக்க அந்த ஓட்டையில தண்ணி ஊத்திப் பாக்குறது பழக்கமாயிடுச்சு.

அடுத்தது கியர். இந்த வண்டியோட உயிரே அந்த குட்டி கியர் லீவர்தான், மணிக்கட்ட அசைச்சாலே விழணும். என்னுதுல செகண்ட் போடும்போது கரகரன்னு ஒரு இறுக்கம், கீழேர்ந்து சூடும் சத்தமும் வேற. இந்த 5 ஸ்பீட் பாக்ஸ்ல லீவர் உக்காந்திருக்கிற கிண்ணத்துக்குன்னு தனியா ஆயில் இருக்கு, 100 மில்லிக்கும் கம்மி, அது பலபேருக்குத் தெரியாமலே வருஷக்கணக்கா வத்திக் கிடக்கும். கன்சோல கழட்டி, மேல் ரப்பர் பூட் (உறை), அதுக்குக் கீழ மூணு போல்ட், எடுத்தா லீவர் கையோட வந்துடும். ரெண்டு ரப்பரும் கிழிஞ்சு தொங்குச்சு. பழைய ஆயில சிரிஞ்சில உறிஞ்சி எடுத்துட்டு புதுசா 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஊத்தி, புது பூட், அடியில புது நைலான் புஷ் போட்டேன். கியர்பாக்ஸ் ஆயிலும் சேத்து மாத்திட்டேன், அதுக்கு ஜிஎல்-4 தரம் பாத்து வாங்குங்க. மொத்தம் ஆன செலவு ஒரு குடும்பம் ஒரு நேரம் ஹோட்டல்ல சாப்பிடற காசுதான், கிடைச்ச சந்தோஷம் சொல்லி மாளாது. நின்ன வண்டில சும்மா உக்காந்து கியர் போட்டு போட்டுப் பாத்தேன்.

பின் பிரேக் காலிப்பர், அதான் டிஸ்க்க பிடிக்கிற பாகம், ரெண்டுலயும் அது நகர்ற ஸ்லைடர் பின் இறுகிப் போய் ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிக்கிட்டு இருந்துச்சு, கழட்டி சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சேன். இதுல ஹேண்ட்பிரேக் காலிப்பருக்குள்ளயே இருக்கு, பிஸ்டன பின்னாடி தள்ள அழுத்தக் கூடாது, பின்பக்கம் இருக்கிற மூடி போல்ட்ட எடுத்துட்டு ஆலன் கீ விட்டு திருகணும்.

டயர் நாலும் பாக்க நல்லா இருந்துச்சு, பட்டன் நிறைய. ஆனா பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணப் பாருங்க, அதுல முதல் ரெண்டு எண் எந்த வாரம், அடுத்த ரெண்டு எண் எந்த வருஷம் செஞ்சதுன்னு சொல்லும். என்னுது 2011ல செஞ்ச டயர். லேசான பின்சக்கர டிரைவ் வண்டி, ஈர ரோட்டுல பழைய கெட்டி ரப்பரோட போறது உயிரோட விளையாடுறது, அதனால நாலையும் மாத்திட்டேன். காத்து 26 பிஎஸ்ஐ, சாதா கார்ல அடிக்கிற 32, 33 அடிச்சா வண்டி துள்ளும்.

டயர் போட்ட கையோட வீல் அலைன்மென்ட். இங்க கேம்பர் (சக்கரம் சாயுற கோணம்), டோ (சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கிற கோணம்) எல்லாம் விஷ்போன்ல இருக்கிற நீள போல்ட்ட திருப்பித்தான் செட் பண்ணணும், அது புஷ்ஷுக்குள்ள துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சுன்னா அசையாது. அதனால முன்னாடியே ஒரு வாரம் தினமும் சாயங்காலம் துருநீக்கி ஸ்பிரே அடிச்சு ஊற வச்சிட்டு கொண்டு போனேன், மெக்கானிக்கு பொறுமையான ஆள், ஒண்ணே ஒண்ணு மட்டும் வரல, அத ரம்பம் வச்சு அறுத்து எடுத்துட்டு புதுசு போட்டார். இந்த வண்டிக்கு நீங்க பண்ற செலவுல ரொம்ப வித்தியாசம் தெரியறது இதுலதான்னு நான் நிச்சயமா சொல்லுவேன், ஸ்டியரிங் அப்பத்தான் பேச ஆரம்பிச்சுது.

அப்புறம் ஓட்டினேன். மேக்கிள்ஸ்ஃபீல்ட்லேர்ந்து பக்ஸ்டனுக்கு ஏறுற ஏ537, கேட் அண்ட் ஃபிடில் ரோடுன்னு சொல்வாங்க, 500 மீட்டர் உயரம் தாண்டிப் போகும், வளைவு மேல வளைவு. சராசரி வேகம் பிடிக்கிற கேமரா வச்சு 50 மைல் லிமிட். பெரிய பவர் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு அங்க ஆக்சிலரேட்டர பாதி கூட அமுக்க முடியாது. என்னுது புதுசுலயே 110 குதிரைசக்திதான், செகண்ட்ல நல்லா இழுத்து, தேர்டு போட்டு, வளைவுக்கு முன்னாடி பிரேக் பிடிச்சு மறுபடி செகண்டுக்கு இறங்கி, இத்தனையும் லிமிட்டுக்குள்ளயே. காலும் கையும் காதும் எல்லாம் வேலை செய்யுது, வண்டியோட முழு பலத்தையும் நாம உபயோகிக்கிறோம், அந்த நிறைவு முந்நூறு குதிரைசக்தி வண்டிலயும் எனக்குக் கிடைச்சதில்ல. நண்பன் ஒருத்தன் பக்கத்துல உக்காந்து வந்தான், ஸ்னேக் பாஸ்ங்கற இன்னொரு மலை ரோட்டுல இறங்கும்போது “மச்சான், எண்பதுல போற மாதிரி இருக்குடா”ன்னான், மீட்டர் நாப்பத்தஞ்சு காட்டிச்சு. தரைக்கு அவ்வளவு பக்கத்துல உக்காந்திருக்கோம், கை நீட்டினா ரோடு எட்டும்போல, ஆட்டுக்கூட்டம் கத்துறதும் ஈரமண் வாசனையும் எல்லாம் உள்ளயே வருது.

குளிருக்கு பயந்து டாப்ப மூடி வைக்காதீங்க. கண்ணாடிய ஏத்தி விட்டு, ஹீட்டர காலுக்கு வச்சு, தொப்பி போட்டா அஞ்சு டிகிரிலயும் சுகமா போகலாம். ரெண்டு கொக்கிய எடுத்து உக்காந்த இடத்துலேர்ந்தே பின்னாடி தள்ளிடலாம், சிக்னல்ல நிக்கும்போதே ஆகிடும். என் மனைவியும் இப்ப சனிக்கிழமை காலைல “இன்னைக்கு வெயில் அடிக்குது, பச்சை வண்டிய எடுங்க”ங்கறா. டிக்கில பேட்டரி ஒரு மூலையில உக்காந்திருந்தாலும் ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் துணி தாராளமா போகும்.

வருஷச் செலவு, ரோடு டாக்ஸ் கொஞ்சம் கடிக்கும். 2001 மார்ச்சுக்கு முன்னாடி பதிவான வண்டிக்கு இஞ்சின் அளவு வச்சுத்தான் டாக்ஸ், 1549 சிசிக்கு மேல போனா கூடுதல் ரேட், 1.6 அதுல மாட்டும். இன்சூரன்ஸ் பரவால்ல, கம்மி மைல் ஓட்டுவேன்னு எழுதிக் குடுத்தா இறங்குது.

இப்ப நடந்துக்கிட்டு இருக்கிற வேலை, உப்பு போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உள்பக்கம் மெழுகு அடிக்கிறது. சில்லுல இருக்கிற ரப்பர் மூடிய எடுத்துட்டு நீளக் குழாய் வச்ச கேவிட்டி வாக்ஸ் ஸ்பிரேய உள்ள விட்டு, இழுத்துக்கிட்டே அடிக்கணும், கீழ் மடிப்புல இருக்கிற சின்ன வடிகால் துளையில மெழுகு சொட்ட ஆரம்பிச்சா உள்ள எல்லா இடத்துக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம். அந்தத் துளைய அடைச்சிடாம கம்பி விட்டு திறந்து வைக்கணும். இடது சில் முடிஞ்சுது, வலது சில்லும் முன் ரெயிலும் இந்த வாரக் கடைசியில.