பயிற்சிப் பட்டியலில் சர்க்கரை நோய் எதற்கு?

நேற்று சாயங்காலம் மதினி போனை நீட்டினார். பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமையலர். சமையலர்களில் யார் பயிற்சி முடித்தார்கள், யாருக்குப் பாக்கி என்று குறிக்கும் எக்செல் தாள் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே வந்து விழுந்திருந்தது. பெயர், பயிற்சித் தேதி, சரி. பக்கத்திலேயே ஆதார் எண், வங்கிக் கணக்கு. மருத்துவச் சான்றுக்கு நேரே ‘சர்க்கரை’ என்று குறிப்பு வேறு. அந்தக் குழுவில் காஸ் சிலிண்டர் போடும் பையன் வரை இருக்கிறான்.

“எனக்குச் சர்க்கரைன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு தம்பி” என்றார். ஆதாரைவிட அதுதான் அவருக்கு உறுத்தல்.

பெயர், பள்ளி, முடித்த தேதி, அடுத்தது எப்போது. இவ்வளவு போதாதா? ஆதார் கேட்டே ஆக வேண்டுமென்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை வாங்கலாம். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் ஒப்புதல் கொடுத்தாலும் சொன்ன காரியத்துக்குத் தேவையான தரவுக்குத்தான் அந்த ஒப்புதல் செல்லும்.

தாளைப் போட்டவர் பாவம், மேலிருந்து வந்த படிவத்தை நிரப்பியவர். போன் செய்ததும் அழித்துவிட்டார். அதற்குள் எத்தனை போனில் இறங்கியதோ. மதினி இன்று பள்ளிக்குப் போகும்போது காஸ் பையன் கேட்டானாம், “அக்கா, டீக்குச் சீனி போடலாமா?”