வந்து சேர்ந்துவிட்டேன்

நேற்று காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் கம்போடியாவில், பாட்டம்பாங் பக்கம் ஒரு சின்னச் சபையோடு ஊழியம். காலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் பைபிள் கதையும், சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஜெபம்.

மனசு முழுக்க அந்தச் சபைப் பாட்டிதான் இருக்கிறார். 1975-லிருந்து 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஆலயங்களை இடித்து, ஜெபிப்பதையே குற்றமாக்கி வைத்திருந்த காலத்தில் அவருடைய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்களாம், திரும்பவே இல்லை. போதகர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு "ப்ரெய யேசு" என்று மெல்ல ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார், எனக்கு வேறு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் அழுகை நிற்கவில்லை.

இங்கே அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அந்த வாசனையில், அங்கே மீனை உப்பில் ஊறப்போட்டுச் செய்கிற பிரஹோக் ஞாபகம் வந்து, தட்டு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி, உப்பு கூடிப்போச்சா?"

"இல்லம்மா."

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார் எங்கள் சபைப் போதகர் ஐயர். சரி, பாட்டியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.